மருமகள் ஏறினால் நிற்கும் கார்

1. சிவா சொன்ன காரணம்

"வண்டி எப்ப நிக்குது?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஏற்றத்தில் நிற்கிறது என்பார்கள். சூடேறினால் நிற்கிறது என்பார்கள். "எங்க வீட்டுக்காரி ஏறுனா நிக்குது பாஸ்" என்று ஒருவர் சொன்னது என் தொழில் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

இலங்கை மலைநாட்டுப் பதுளை டவுனில், பசறை ரோட்டுப் பக்கமாக எனக்கு ஒரு சின்னக் கராஜ். வண்டி வயரிங் மட்டும்தான் பார்ப்பேன். எங்கள் ஊரில் கைத்தொழில் தெரிந்தவனை பாஸ் என்று கூப்பிடுவார்கள், எனக்கும் அந்தப் பேர்தான். அன்றைக்கு வந்தவர் பெயர் சிவா. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். வண்டி பழைய ஜப்பான் கார். வாங்கும்போதே உள்ளே வேறொரு மாடலின் ரீகண்டிஷன் இன்ஜினைப் போட்டிருந்தார்கள்.

சிவா சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"நெசந்தான் பாஸ். கல்யாணத்துக்கு முன்னால இந்த வண்டி ஒரு நாளும் நின்னதில்ல. அவ பதுளையில மருந்துக் கடையில வேல செய்யுறா. காலையில நான்தான் கொண்டாந்து விடுவேன். பாதி வழியில டப்புனு நின்னுரும். அரை மணி நேரம் கழிச்சு தானா ஸ்டார்ட் ஆவும். அம்மாவுக்கு மனசு சரியில்ல. அவளுக்கு ராசி இல்லன்னு சொல்லிட்டாங்க. இப்ப அவ பஸ்ஸுல போறா. அதுக்கப்புறம் வண்டி நிக்கவே இல்ல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்த சொல்றது? ரெண்டு கராஜுல பாத்தாச்சு. சென்சர மாத்துனாங்க, அப்புறம் இன்னொருக்கா மாத்துனாங்க. கொஞ்ச நாள் அவ அம்மா வீட்டுல இருக்கட்டும்னு அம்மா இப்ப சொல்றாங்க. கொஞ்ச நாளுன்னா எத்தன நாளுன்னு அவ கேக்குறா."

அந்தக் கடைசிப் பேச்சைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. கல்யாணம் முடித்து ஒரு வருசம் ஆகாத பெண்ணை ஒரு காருக்காக வீட்டை விட்டு அனுப்புவதா? ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு ஃபோல்ட்டை, அதாவது வண்டியின் குறையை, பிடிக்க முடியாது. அவர் சொன்னதைத் திரும்பக் கேட்டேன்.

"அவங்க இல்லாதப்ப வண்டிய எப்ப எடுப்பீங்க?"

"மத்தியானத்துக்கு மேலதான். காலையில கட இருக்குல்ல."

"அவங்களோட மத்தியானத்துல எங்கயாவது போயிருக்கீங்களா?"

யோசித்தார். "பண்டாரவளைக்கு ஒருக்கா ஒரு கல்யாண வீட்டுக்குப் போனோம். அன்னைக்கு நிக்கல்ல."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அன்னைக்கு அம்மாவும் வண்டியில இருந்தாங்க. அதனாலதான் நிக்கல்லன்னு சொன்னாங்க."

இதற்கு மேல் அந்த அம்மாவோடு வாதாட யாராலும் முடியாது என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் வேறொன்றும் விளங்கியது. அந்தப் பெண் ஏறுவது காலையில். பசறை மலையில் காலையில் பனிமூட்டம். மத்தியானம் வெயில். வண்டி நிற்பது பெண்ணுக்கா, பனிக்கா? அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

2. சிவப்பு வயர்

பழைய வண்டிகளில் ஒரு வசதி உண்டு. பொனட்டுக்கு உள்ளே இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியில் இரண்டு பின்னைச் சின்னக் கம்பியால் இணைத்துவிட்டு சாவியைத் திருப்பினால், டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு மினுக்கும். மினுக்கலை எண்ணினால் எங்கே குறை என்று தெரியும். எண்ணினேன். கிராங் சென்சர் சிக்னல் இல்லை என்று வந்தது.

இன்ஜின் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்தச் சென்சர்தான். அந்தச் சேதி போகவில்லை என்றால், இன்ஜின் நின்றுவிட்டது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். பெட்ரோலையும் பிளக்குக்குப் போகும் கரண்டையும் நிறுத்திவிடும். ஓடுகிற வண்டி டப்பென்று நிற்பது அதனால்தான்.

முதலில் பார்த்த கராஜ்காரர்களும் இதே மினுக்கல் எண்ணை, அதாவது கோட் நம்பரைத்தான் பார்த்திருப்பார்கள். பார்த்ததும் சென்சரை மாற்றிவிட்டார்கள். கோட் சொல்வது சிக்னல் வரவில்லை என்று மட்டும்தான். சென்சர் செத்துவிட்டது என்று அது சொல்லவில்லை. சென்சருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு கை நீளத்துக்கு மேல் வயர் ஓடுகிறது. அதைப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை, ஏனென்றால் வயரை விற்றுக் காசு பார்க்க முடியாது.

மீட்டரை வைத்துச் சென்சரை அளந்தேன். நல்ல சென்சர். அடுத்தது வயர். போனில் எடுத்த டயகிராமில் ஒரு நிறம், வண்டியில் வேறு நிறம். இன்ஜின் மாறிய வண்டியில் நிறத்தை நம்பினால் கதை முடிந்தது. கம்ப்யூட்டர் பிளக்கில் ஒரு முனை, சென்சர் பிளக்கில் ஒரு முனை என்று மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகத் தேடி, கிடைத்ததற்கு மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்டினேன். அந்தச் சென்சரின் இரண்டு வயரும் ஒரு உலோகப் பின்னலுக்கு உள்ளே வர வேண்டும். பக்கத்து வயர்களின் இரைச்சல் உள்ளே போகாமல் அந்தப் பின்னல் தடுக்கும். இந்த வண்டியிலோ பிளக்குக்குக் கிட்ட பின்னலை வெட்டி எறிந்துவிட்டு, ஸ்பீக்கருக்குப் போடுகிற சிவப்பு வயரை முறுக்கி, டேப் சுற்றி வைத்திருந்தான் ஒரு புண்ணியவான். அந்த டேப்பும் பிசின் விட்டுத் தொங்கியது.

இதுதான் என்று முடிவு கட்டலாம் போல இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு அந்த ஒட்டுப் போட்ட இடத்தை ஆட்டினேன், இழுத்தேன், தட்டினேன். வண்டி நிற்கவில்லை. பார்க்க அசிங்கமாக இருப்பதெல்லாம் ஃபோல்ட் ஆகிவிடாது. அதனால் எதையும் தொடாமல், வண்டியை விட்டுவிட்டுப் போகும்படி சிவாவிடம் சொன்னேன்.

3. பனியில் நான் மட்டும்

மறுநாள் விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு பசறை ரோட்டில் ஏறினேன். டவுனைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை. மேலே போகப் போகப் பனி அடைத்துக்கொண்டது. விளக்கைப் போட்டு உருட்டினேன். ஒரு வளைவில், பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது, வண்டி டப்பென்று நின்றது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயங்கரச் சந்தோசம். பஸ் டிரைவர் என்னைத் திட்டிக்கொண்டே விலகிப் போனார். அவர் திட்டியது எனக்கு வாழ்த்துப் போல இருந்தது. வண்டியில் நான் மட்டும்தான். மருமகள் இல்லை, மாமியார் இல்லை.

பொனட்டைத் திறந்தேன். பேட்டரிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் எண்ணெய்க் கறுப்பில் மூன்று துணி உருண்டைகள் தொங்கின. முதல் நாளே பார்த்திருந்தேன். கை துடைத்த பழந்துணியை இப்படிச் செருகிவிட்டுப் போவது மெக்கானிக்மாரின் பழக்கம் என்பதால் கவனிக்கவில்லை. இப்போது அந்த உருண்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டு நேராகக் கீழே இருந்த சிவப்பு வயர் ஒட்டில் விழுந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். கல்லுப்பு, படிகாரம், காய்ந்த மிளகாய். கண்ணூறு கழிக்கக் கட்டிய முடிச்சு. உப்பு பனியைக் குடித்துக் கரைந்து கசிந்திருக்கிறது. அந்த உப்புத் தண்ணீர் இரண்டு வயரையும் ஒன்றாக்கி, சிக்னலை வழியிலேயே விழுங்கிவிட்டது. இன்ஜின் சூட்டில் காய்ந்ததும் வண்டி பழையபடி ஓடும்.

சிவாவுக்குப் போன் போட்டேன். "இந்த முடிச்சு எப்ப கட்டுனது?"

"ஒன்னு கல்யாணத்து அன்னைக்கு பாஸ். முன்னால தொங்கவிட எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதான் உள்ள கட்டுனாங்க. அப்புறம் வண்டி நிக்க நிக்க அம்மா ஒன்னொன்னா கூட்டுனாங்க."

வண்டி நின்றால் முடிச்சு கட்டுவது, முடிச்சு கட்டினால் வண்டி நிற்பது. நடுவில் ஒரு பெண் பஸ்ஸில் போகிறாள்.

"சாயந்திரம் அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. உங்க வீட்டுக்காரியையும் வரச் சொல்லுங்க" என்றேன்.

வயரை அப்போதே மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. சரி செய்து கொடுத்தால், மூன்றாவது முடிச்சு வேலை செய்துவிட்டது என்று அந்த அம்மா சொல்லிவிடுவார். இல்லையென்றால், இவன் வேதக்காரன், நம்ம முடிச்சைக் குறை சொல்கிறான் என்பார். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். வாயால் சொன்னால் எடுபடாது என்று எனக்குத் தெரியும்.

4. முன் சீட்டில் யார்

சாயந்திரம் சிவாவும் அவர் அம்மாவும் மரக்கறிப் பையோடு வந்தார்கள். சிவாவின் மனைவி மேகலா வேலை முடிந்து மருந்துக் கடையிலிருந்து நடந்து வந்தாள். கராஜ் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாங்க தங்கச்சி" என்றேன்.

"வேணாங்கண்ணே. நான் கிட்ட வந்து வண்டி ஸ்டார்ட் ஆகல்லன்னா அதுக்கும் நான்தான்னு ஆயிரும்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்தேன். சிவா ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் அழகாக ஓடியது. நான் ஒரு போத்தல் தண்ணீரை எடுத்து, முடிச்சுகளின் மேல் மெல்ல ஊற்றினேன். சொட்டியது. இன்ஜின் இரண்டு தரம் குலுங்கி, நின்றுவிட்டது.

"என்னாங்க, நின்னுருச்சு?" என்றார் அம்மா.

"ஆமாம்மா. உங்க மருமக கேட்டுக்கு வெளியில நிக்குது. வண்டியில இருக்கிறது நீங்க."

நான் கொஞ்சம் உறைப்பாகத்தான் சொல்லிவிட்டேன். அம்மா இறங்கி வந்து பொனட்டுக்கு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது நான் கட்டுன முடிச்சு."

"முடிச்சு மேல குத்தமில்லம்மா. உப்பு ஈரத்த இழுக்கும். நீங்க கட்டுன எடத்துக்குக் கீழ வயரு இருக்கு. காலையில பனியில கசிஞ்சு அதுல விழுது. மத்தியானத்துல காஞ்சிருது."

"மலை ரோட்டுல வண்டி நின்னு பின்னால உருண்டுச்சுன்னா என் புள்ள கதி என்னான்னு பயந்துதான் கட்டுனேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு அவரே கையை விட்டு மூன்றையும் அவிழ்த்தார். கையெல்லாம் கறுப்பு.

மீதி சின்ன வேலை. சிவப்பு வயரைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போனேன். பின்னல் வைத்த வயர் போட்டு, ஈயம் வைத்து ஒட்டி, ஸ்லீவ் ஏற்றிச் சூடு காட்டினேன். பிளக்கையும் மாற்றி, வயரை வேறு வழியாகக் கொண்டுபோய்க் கட்டினேன். இன்ஜினை ஓடவிட்டு, போத்தலில் இருந்த மிச்சத் தண்ணீர் முழுவதையும் அதன் மேலேயே ஊற்றினேன். நிற்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். வாடிக்கையாளர் சொல்லும் காரணம் பைத்தியக்காரத்தனமாக இருக்கலாம். ஆனால் அவர் கண்ணால் பார்த்தது பெரும்பாலும் சரியாக இருக்கும். மருமகள் ஏறினால் வண்டி நின்றது உண்மை. சிரித்து அனுப்பியிருந்தால், நானும் ஒரு சென்சரை மாற்றிக் கொடுத்திருப்பேன். எப்போது என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். யாரால் என்பதை மற்றக் காதால் விட்டுவிடுங்கள்.

புறப்படும்போது அம்மா பின் சீட்டில் ஏறிக்கொண்டு, முன் கதவைத் திறந்து வைத்தார். "வாம்மா, முன்னுக்கு ஏறு" என்று கேட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

மேகலா அசையவில்லை. "நீங்க போங்க அத்தை. எனக்கு பஸ்ஸு இருக்கு" என்றாள். குரலில் கோபம் இல்லை. திரும்பி பஸ் நிற்கும் ஹோல்ட்டைப் பார்த்து நடந்தாள். சிவா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முழித்தார். வயரை மாற்றிய மாதிரி இதை மாற்ற எனக்கும் வழி தெரியவில்லை.

பின் கதவு திறந்தது. அம்மா மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். "நில்லும்மா, நானும் வாறேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே, பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். மேகலா நிற்கவில்லை, ஆனால் நடையைக் குறைத்தாள். ஹோல்ட்டில் இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளித் தள்ளித்தான் நின்றார்கள். பசறை பஸ் வந்ததும் மேகலா பையை வாங்கிக்கொண்டு, அம்மாவை முதலில் ஏற்றிவிட்டாள். சிவா நன்றாக ஓடுகிற வண்டியில் தனியாக, பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்.