பலகையில் சிரிக்கிற அக்கா

இன்னிக்குக் காலையில கொட்டச்சேட்டுல இருந்து ஏற்காடு வர்ற பஸ்ஸுல என் பக்கத்துல ஒரு அக்கா உட்கார்ந்தாங்க. எங்கேயோ பார்த்த முகம்.

எங்கேயோ இல்ல, எங்க விளம்பர ஏஜென்சி வச்ச காபித்தூள் பலகையிலதான். ஷூட்டிங் அன்னிக்கு ரோட்டுல நடந்துபோனவங்களை நிறுத்தி, கை நிறைய காபிப் பழத்தைக் கொடுத்துப் படம் எடுத்தோம். "இருபது வருடங்களாக எங்கள் எஸ்டேட்டின் பாசக் கைகள்"னு மேல எழுதினது நான்.

சும்மா இருக்காம அதை அவங்ககிட்டயே சொல்லிட்டேன்.

"நீதானா கண்ணு? நான் வேலை பாக்குறது வேற எஸ்டேட்டு. எங்க எஸ்டேட்டுல கணக்கு எழுதுற ரைட்டரு அந்தப் போர்டைப் பாத்துட்டு, 'இருபது வருசமா அங்க இருக்கிறவளுக்கு இங்க என்ன வேலை'ன்னு அனுப்பிட்டாரு. நொம்ப சொல்லிப் பாத்தேன். போர்டு பொய் சொல்லுமாங்கிறாரு. பத்து நாளா ஊட்டுலதான் இருக்குறேன்."

உடனே எங்க ஏஜென்சி மேனேஜருக்கு போன் பண்ணி, அந்த வரியை எடுத்துடலாமான்னு கேட்டேன்.

"கிளையன்ட்டுக்கு அந்த லைன்தான் உயிரு, தொட்டுடாதே. வேணும்னா அவங்களை அடுத்த ஷூட்டுக்கும் கூப்பிடலாம்"னார்.

அக்கா கேட்டுட்டே இருந்தாங்க. "ஏங்கண்ணு, நீ எழுதினதுதானே? நீயே அழிச்சிரக்கூடாதா?"

அதுக்கு யார் யார் அப்ரூவல் தரணும்னு விளக்க ஆரம்பிச்சேன். பாதியிலேயே அவங்க ஸ்டாப் வந்துருச்சு. சரியா அந்தப் பலகைக்குக் கீழேதான் இறங்கினாங்க. மேல பலகையில இருந்த அக்கா மட்டும் சிரிச்சுட்டு இருந்தாங்க.

உயரமான ஏணி யார்கிட்டயாவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. பெயிண்ட் வாங்கிட்டேன்.