சாயாக்கடைச் சண்டையை ஊரறியப் போட்ட வீரலட்சுமி

மழை வந்தால் கொச்சி மட்டாஞ்சேரியில் முதலில் நனைவது டெலிபோன் லைன்தான். யூதர் தெருவான ஜூ டவுனின் மிளகுக் கம்பெனியிலிருந்து பாதி தூரம் போன ஃபைல், ஒரு இடி விழுந்தால் அந்தரத்தில் நின்றுவிடும். மறுபடியும் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். மறுபடியும் இடி விழும். பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்த வீரலட்சுமி இந்தக் கூத்தை ஒரு வருஷம் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

அப்பா அய்யாசாமிக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. பள்ளிக்கூட விடுமுறையில் சும்மா இருக்க வேண்டாமே என்று மகளைக் கம்ப்யூட்டர் கிளாஸுக்கு அனுப்பியவர் அவர்தான். அங்கே பிடித்த பைத்தியம் அவளை விடவே இல்லை. ஃபைலைத் துண்டு துண்டாக அனுப்பும் ஒரு புரோகிராமை எழுதினாள். லைன் அறுந்தால் பரவாயில்லை, திரும்ப வந்ததும் அனுப்பாமல் நின்ற துண்டுகள் மட்டும் போகும். அதற்கு 'மிச்சம்' என்று பெயர் வைத்தாள். வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஆபீஸில் கிளார்க்காக இருந்த அஜீஷும், திருநெல்வேலியிலிருந்து வந்து பக்கத்துத் தேவராவில் ஹோட்டல் ஒன்றின் வரவேற்பில் உட்கார்ந்திருந்த ரமேஷ்பாபுவும் கூட்டுச் சேர்ந்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம் என்று மூலநிரலோடு இன்டர்நெட்டில் போட்டார்கள். அது 2004.

இரண்டு வருஷம் கழித்து சென்டர் முதலாளி சொன்னார், ஓணம் கழிந்தால் இதை மொபைல் கடை ஆக்கப் போகிறேன் என்று. வீரலட்சுமி கவலைப்பட்டது வேலையை நினைத்து அல்ல. இன்டர்நெட்டில் எல்லோரும் எடுத்த 'மிச்சம்' ஓடிக்கொண்டிருந்தது சென்டரின் ஒரு பழைய மிஷினிலிருந்துதான். அதன் நெளிவு சுளிவெல்லாம் தெரிந்தது அவள் ஒருத்திக்கு மட்டும். நாளைக்கு அவள் வேறு எங்கோ போய்விட்டால் அது அநாதை.

வெளிநாட்டில் திறந்த மூல மென்பொருட்களைப் பராமரிக்கும் ஓர் அமைப்பு இருந்தது. புதிய புரோகிராம்களைத் தங்கள் 'இன்குபேட்டரில்' சேர்த்து, தானாக நிற்கும்வரை வளர்த்துவிடுவார்கள். அதற்கு விண்ணப்பித்தாள்.

"இன்குபேட்டரா? கொறமாசப் பிள்ளைய வெக்கிற பெட்டியாடி அது?" என்றாள் அம்மா சுப்பம்மாள்.

"அதேதாம்மா. சேத்துக்கிட்டா பொழச்சுக்கும்."

ஆனால் வந்த பதில் தலையில் குட்டியது. விண்ணப்பத்தைப் பார்க்க நியமிக்கப்பட்ட ஹென்ரிக் என்ற நார்வேக்காரர் எழுதியிருந்தார்: 'நிரல் அருமை. ஆனால் உங்கள் மெயிலிங் லிஸ்டில் பேசுவது ஒரே ஆள். மற்ற இருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. தனி ஆளை நம்பி இருக்கும் எதையும் நாங்கள் எடுப்பதில்லை. அடுத்த வாரம் ஓட்டெடுப்பு. இப்போதைய நிலையில் என் ஓட்டு உங்களுக்கு இல்லை.'

மெயிலிங் லிஸ்ட் என்பது ஊர்ப் பொதுவிடம் மாதிரி. அங்கே எழுதுவதை உலகத்தில் யாரும் படிக்கலாம், பதில் போடலாம். அங்கே ஒரே குரல்தான் கேட்கிறது என்கிறார் மனிதர்.

சஜியின் சாயாக்கடையில் அஜீஷ் மேஜையைத் தட்டினான். "எந்தா சேச்சி இது! நாம மூணு பேரும் தெவசமும் இவிடெ இருந்து அடி கூடுறது அந்த நார்வே சாயிப்புக்கு அறியாதே!"

"அறியாதுதான்," என்றான் அடுப்படியிலிருந்து சஜி. "எனிக்கு நல்லா அறியாம். என்றெ ரெண்டு கிளாஸ் நீ ஒடச்சது அங்ஙனெயல்லே?"

ரமேஷ்பாபு சிரித்துவிட்டான். வீரலட்சுமி சிரிக்கவில்லை. அவளுக்குச் சட்டென்று விளங்கியது.

"நாமதான் மறைச்சோம்," என்றாள். "வீட்டுக்கு விருந்தாளி வந்தா, சண்டைய அடுப்படியிலயே முடிச்சுட்டு, சிரிச்ச மூஞ்சியோட முன்னறைக்கு வருவோம்ல? அதைத்தான் செஞ்சிருக்கோம். இங்க கத்துறோம். நான் போய் 'நாங்கள் முடிவு செய்தோம்'னு அழகா ஒரு பத்தி எழுதுறேன். பாக்குறவனுக்கு நான் மட்டும்தானே தெரிவேன்?"

"அதுக்கு இப்ப என்னக்கா பண்ண?"

"இனிமே மிச்சத்தப் பத்தி இந்தக் கடையில ஒரு வார்த்தை பேசக் கூடாது. என்ன சண்டைனாலும் லிஸ்ட்ல போடணும்."

"எனக்கு இங்கிலீஷ்ல சண்ட போட வராதுக்கா! கோவம் வந்தா திருநவேலி பாஷைதான் வரும்."

"வர்ற இங்கிலீஷ்ல போடு தம்பி."

மறுநாள் அஜீஷ் தன் ஆபீஸிலிருந்து தொடங்கினான்: 'லைன் அறுந்தால் மிச்சம் தானாகவே திரும்ப டயல் செய்ய வேண்டும். யாரும் பக்கத்தில் காவல் இருக்க முடியாது.'

ஹோட்டலிலிருந்து ரமேஷ்பாபுவின் பதில் வந்தது: 'அஜீஷ் என் நல்ல நண்பன். ஆனால் இந்த விஷயத்தில் அவனுக்குத் தலை இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. இடி இடிக்கும்போது டயல் செய்தால் மோடம் கருகும். எங்கள் ஹோட்டலில் கருகியது.'

'உன் ஹோட்டலில் தோசையும்தான் கருகுகிறது,' என்று எழுதினான் அஜீஷ்.

உலகமே பார்க்க! வீரலட்சுமிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ரெண்டு பேரையும் சமாதானப்படுத்தி, வழக்கம்போல ஒரு பத்தியில் தீர்ப்பு எழுதிவிட விரல் துறுதுறுத்தது. எழுதவும் செய்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அதை அழித்தாள்.

காலையில் லிஸ்டைத் திறந்தால் முன்பின் தெரியாத ஒரு பெயர். ஹமிசி. ஆப்பிரிக்கக் கரையோரம் சான்சிபார் தீவில் கிராம்புக் கிடங்கில் வேலை. 'பல மாதமாக மிச்சம்தான் என் லைனைக் காப்பாற்றுகிறது. நீங்கள் எப்போதும் முடிவோடுதான் வருவீர்கள், அதனால் எனக்கு இங்கே இடமில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது சண்டை போடுகிறீர்கள். நானும் உட்காரலாமா?' என்று கேட்டிருந்தார். முதல் தடவை கொஞ்ச நேரம், அடுத்த தடவை இன்னும் அதிக நேரம் காத்திருந்து டயல் செய்யட்டும், புயல் என்றால் ஒரு பட்டனில் எல்லாம் நிற்கட்டும் என்று நிரலையும் எழுதி அனுப்பியிருந்தார்.

அது தவறு என்று பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு பெண் பாய்ந்தாள். அவள்மேல் பெருவிலிருந்து ஒருவர் பாய்ந்தார். அட, இவ்வளவு பேர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார்களே! உள்ளே சிரிப்பும் சத்தமும் கேட்டால்தானே யாரும் செருப்பைக் கழற்றி உள்ளே வருவார்கள்!

ஓட்டெடுப்பு வந்தது. அந்த அமைப்பில் சம்மதம் என்றால் 'ப்ளஸ் ஒன்று' என்று எழுதுவார்கள். முதல் ப்ளஸ் ஒன்று ஹென்ரிக்கினுடையது. கீழே ஒரு வரி: 'தோசை விவகாரம் என்ன ஆயிற்று?' அதற்குப் பிறகு வரிசையாக ப்ளஸ், ப்ளஸ், ப்ளஸ். எதிர்த்து ஒருவருமில்லை. மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டார்கள்!

சஜி அன்றைக்கு நேந்திரம்பழத்தில் போட்ட பழம்பொரித் தட்டை மேஜையில் வைத்து, "என்றெ வக ப்ளஸ் ஒண்ணு!" என்று கத்தினான். அஜீஷ் கிளாஸ் எதையும் உடைக்கவில்லை.

ஓணம் கழிந்தது. சென்டரைக் காலி செய்யும் நாளில், சாமான் தூக்க அம்மாவும் வந்திருந்தாள். கடைசி மிஷினை அணைக்கும் முன் வீரலட்சுமி மிச்சத்தை ஒரு தடவை பார்த்தாள். புதிதாக ஒரு திருத்தம் உள்ளே போயிருந்தது. எழுதியது ஹமிசி. சரிபார்த்துச் சேர்த்தது ரமேஷ்பாபு. அவளை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிருந்தது.

"என்னடி, கண்ணு கலங்குது? கட போயிருச்சேன்னா?" என்றாள் சுப்பம்மாள்.

"இல்லம்மா." அவள் சிரித்துக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினாள். "பெட்டியில வெச்ச பிள்ள, என்னைக் கேக்காமலே மூச்சு விடுது."