முச்சந்திக்கு அந்தப் பக்கம்

காலை ஆறரைக்கே கே.கே. நகரிலிருந்து ஆட்டோ கிளம்பிவிட்டது. போக வர ஆயிரத்து இருநூறு என்று பேச்சு. செக்கானூரணி தாண்டி எங்கள் பூர்வீக ஊருக்கு முப்பது கிலோமீட்டர் இருக்கும். என்னோடு வந்தது ராக்கு அத்தை, என் அப்பாவின் தங்கை. வயது எழுபத்தைந்துக்கு மேல். அடுத்த வாரம் மகனோடு கோயம்புத்தூருக்கே போய்விடப் போகிறார். அதற்குள் தன் அப்பாவின் சமாதியை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஒரு மாதமாக என் உயிரை எடுத்துவிட்டார்.

"ஒங்க அப்பா சமாதி எங்க இருக்குன்னு ஒங்களுக்கே தெரியாதாம்மா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

"எப்பிடித் தெரியும்? எங்கள எவன் உள்ள விட்டான்?" என்றார் அத்தை.

எங்கள் பக்கம் பிணத்தோடு பெண்கள் ஊர் முச்சந்தி வரைதான் போகலாம். அங்கேயே அழுது முடித்துத் திரும்பி, வீட்டைக் கழுவிவிட வேண்டும். சுடுகாட்டுக்கு ஆண்கள் மட்டும்தான். பெயர்தான் சுடுகாடு, எங்கள் வகையறாவில் புதைப்பதுதான் வழக்கம், அதனால் கல் இருக்கும். தாத்தா இறந்தபோது அத்தை சின்னப் பிள்ளை. இடம் தெரிந்த ஆண்கள், என் அப்பா உட்பட, ஒருவர் பாக்கியில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

காளவாசலில் வழக்கமான நெரிசல். நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி இட்லி சாப்பிட்டோம். அங்கிருந்து மலை கொஞ்ச தூரம் கூடவே வந்தது, அத்தையின் பேச்சும் நிற்கவில்லை. தங்கள் அப்பாவை அத்தையும் என் அப்பாவும் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐயா சந்தைக்குப் போய் வந்தால் மடியில் சீனிச்சேவு இருக்குமாம். "மொதக் கை எனக்குத்தேன். ஒங்கப்பனுக்கெல்லாம் பெறகுதேன்" என்று சொல்லும்போது அத்தையின் முகத்தில் இன்றைக்கும் அப்படி ஒரு பெருமை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

எட்டேகாலுக்கு முச்சந்தியில் இறங்கினோம். நான் பாட்டுக்கு நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அத்தை இறங்கின இடத்திலேயே நிற்கிறார்.

"வாங்கத்தே."

"இருத்தா. காலு வரமாட்டேங்குது."

வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒருவர், "பொம்பளையாளுகளுக்கு அங்கன என்ன சோலி?" என்றார். அத்தைக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "என்னைக்காச்சும் தூக்கிட்டுத்தேன் போப்போறாக. அதுக்கு முன்னாடி ஒரு தடவ நடந்து போயிப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தார். அந்த மனிதர் சிரித்துவிட்டார். "முள்ளு கெடக்கும், பாத்துப் போங்க" என்று வழியும் காட்டினார்.

உள்ளே சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. சாய்ந்த கற்கள், மாலையின் காய்ந்த நார், காற்றில் வந்து சிக்கிய பிளாஸ்டிக் பைகள். வந்து பார்க்க ஆளில்லாத இடம் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ஒவ்வொரு கல்லாகத் துடைத்துப் படித்துக்கொண்டு போனேன். 'கருப்பண்ணன்' என்று தாத்தாவின் பெயரை வாசித்ததுதான் தாமதம், அத்தை அப்படியே உட்கார்ந்து, "என்னப் பெத்த ஐயா" என்று அழ ஆரம்பித்துவிட்டார். கொண்டுவந்த பாலையும் ஊற்றினார். அதற்குள் நான் அடுத்த வரியைத் துடைத்தேன். 'மகன் சின்னாண்டி உபயம்' என்று இருந்தது. என் அப்பா பெயர் வீரணன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து வைத்து, அந்தக் காட்டில் கருப்பண்ணன் மட்டும் நாலு பேர்.

"அத்தே, இது நம்ம ஆளு இல்ல."

அழுகை பட்டென்று நின்றது. "அப்ப நான் யாருக்கு அழுதேன்?"

"யாரோ பங்காளியா இருக்கும்."

"சரி, குடிச்சுட்டுப் போறாரு. பாலு மிச்சமிருக்கு, நட."

எங்கள் தாத்தா வேலியோரமாக இருந்தார். 'கருப்பண்ணன். மகன் வீரணன் உபயம்.' வேறு ஒன்றும் இல்லை.

"எம் பேரு?" என்று கேட்டார் அத்தை.

கல்லில் மகன் பெயரை மட்டும்தான் வெட்டுவார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை. "இல்லத்தே" என்றேன்.

இந்த முறை அத்தை அழவில்லை. தூங்குகிறவரைத் தொட்டு எழுப்புவதுபோலக் கல்லின் மேல் கையை வைத்தார். "ஐயா, ராக்கு வந்துருக்கேன். இம்புட்டு நாளும் முச்சந்தியிலயேதேன் நின்னேன்" என்றார். பிறகு மிச்சப் பாலை ஊற்றினார்.

திரும்பும்போது ஆட்டோவில் நன்றாகத் தூங்கிப்போனார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நகரத்துக்கு வந்தபின் புதைக்க ஏது இடம், அப்பாவை எரித்தது தத்தனேரி மயானத்தில். அன்றைக்கு எங்கள் தெருமுனைக் கிளினிக் வாசல் வந்ததும் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர், "பொம்பளைக இங்கனயே நில்லுங்க" என்றார். நின்றோம். வண்டி திரும்பியதும் வீட்டுக்கு வந்து தரையைக் கழுவினேன். அதோடு சரி, இரண்டு வருடமாயிற்று.

காளவாசலில் ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, "வந்த வழியே போயிருவமாம்மா?" என்றார்.

"இல்லண்ணே, தத்தனேரி வழியாப் போங்க."

"அங்கன யாரு இருக்கா?"

"எங்கப்பா" என்றேன்.