இரண்டு தண்ணீருக்கு ஒரே மீட்டர்

விளாங்குடி ஹம்சவேணி பதினோரு வருடம் ஒரு தனியார் பள்ளியின் வேதியியல் லேபில் உதவியாளராக இருந்தவள். அங்கே ஒரு கண்ணாடிக் குடுவை உடைந்தால் மூன்று கடிதம் எழுத வேண்டும். அதனால், நீர்நிலைகளைப் பாதுகாக்கும் ஈரமண் அறக்கட்டளையில் வேலை கிடைத்தபோது அவளுக்கு முதலில் பிடித்துப்போனது அதன் செல்வாக்குதான். வெளிநாட்டு நிதியும் பெரிய கம்பெனிகளின் கொடையும் வரும் இடம் அது. இயக்குநர் சாம்பசிவம் ஆட்சியர் அலுவலகத்தில் காத்திருந்து யாரும் பார்த்ததில்லை. அவர் ஒரு போன் பேசினால் சென்னையிலிருந்து ஆள் வரும்.

அவள் வேலை எளிமையானது. ஒரு ஸ்கூட்டர், ஒரு ஐஸ் பெட்டி, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கிற, உள்ளங்கையில் அடங்கும் ஒரு மீட்டர். மதுரையைச் சுற்றிப் பன்னிரண்டு இடங்களில் வாரம் ஒருமுறை தண்ணீர் எடுப்பாள். அங்கேயே அளந்து நோட்டில் எழுதுவாள். மிச்சத்தைப் பாட்டிலில் அடைத்து லேபுக்கு அனுப்புவாள்.

2018இல் அந்தப் பன்னிரண்டில் ஓர் இடம், நகரத்துச் சாயப்பட்டறைகளுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலாக இருந்தது. பதினான்கு பட்டறைகள். அதில் ஒன்று அவளுடைய அண்ணன் உமேஷுடையது. இரண்டே தொட்டிகள், மூன்று ஆட்கள். வாய்க்கால் ஒருநாள் சிவப்பாக ஓடும், ஒருநாள் நீலமாக. அளந்து எழுதப்போவதை அவள் அண்ணனிடம் முன்கூட்டியே சொன்னாள். அவன் சிரித்தான். "எழுதிக்க. எங்க தண்ணிய எவன் வந்து பாக்கப் போறான்?"

அவள் எழுதினாள். அண்ணன் பட்டறையின் பெயரை மட்டும் விட்டுவிட அவளால் முடிந்திருக்கும், விடவில்லை. மே மாதம் அறிக்கை வந்தது. சாம்பசிவம் அதை அமைச்சரின் கையில் கொடுக்கும் படம் பேப்பரில் வந்தது. ஆகஸ்டில் பதினான்கு பட்டறைகளுக்கும் சீல் வைத்தார்கள்.

அந்த வாரம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். உமேஷ் வாசலுக்கு வந்து, "வாங்க. உக்காருங்க" என்றான்.

பிறந்ததிலிருந்து அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில். தமிழ், கடைக்காரரிடமும் கண்டக்டரிடமும் பேசுவது. அவன் அவளிடம் தமிழில் பேசினான். அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அப்படியே. கோபம் தணிந்தால் மாறிவிடுவான் என்று நினைத்தாள். அவன் லோடு ஆட்டோ ஓட்டப் போனான், கோபம் தணிந்தது, மொழி மாறவில்லை. செய்தது சரி என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த வருடங்களைத் தள்ளினாள்.

பட்டறைகள் மூடியபின் அந்த இடத்துக்குப் பதிலாகத் திருவாதவூர் பக்கத்துக் கண்மாய் ஒன்றைக் கொடுத்தார்கள். அங்கே மலையம்மாள் என்பவள் முப்பது ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் ஹம்சவேணியைக் கரையின் மறுகோடிக்குக் கூட்டிப்போய், முள்ளுக்குள் மறைந்திருந்த ஒரு குழாயைக் காட்டினாள்.

"மழ பேஞ்சா தொறந்து விடுறாக. அம்புட்டும் கண்மாய்க்குள்ள வருது. இந்தக் கரையில ஆடு வாய வைக்க மாட்டேங்குது பாரு."

குழாய், சாயத்துக்கான ரசாயனம் தயாரிக்கும் ஆலையிலிருந்து வந்தது. மீட்டர் காட்டிய எண், பட்டறை வாய்க்காலில் பார்த்ததைப்போல் இரண்டு மடங்கு. லேப் முடிவில் குரோமியம் என்ற நச்சு உலோகம் இருந்தது. ஹம்சவேணி எட்டு மாதம் தொடர்ந்து எடுத்தாள். "அறிக்கை வரட்டும். அதுவரைக்கும் பொறுங்க" என்று மலையம்மாளிடம் சொல்லியிருந்தாள்.

அறிக்கை அச்சாகி வந்தது. வரைபடத்தில் பதினோரு புள்ளிகள் இருந்தன.

அவள் சாம்பசிவத்தின் அறைக்குப் போனாள். "சார், திருவாதவூர் விட்டுப்போயிருக்கு."

"விட்டுப்போகலம்மா. எடுத்துட்டோம். எட்டு மாச டேட்டாவ வச்சு ஒரு கம்பெனியக் குத்தம் சொல்ல முடியாது."

"சாயப்பட்டறைக்கு ரெண்டு மாச டேட்டாதான் சார் இருந்துச்சு."

சாம்பசிவம் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த ஆலைக்காரங்க கொடையில பதினேழு கண்மாய் தூர் வாரியிருக்கோம். உனக்கே தெரியும். ஒண்ணுக்காகச் சண்டை போட்டா பதினேழும் போயிரும். நான் அரசாங்கக் கமிட்டியில இருக்கேன். உள்ள இருந்தே பேசிக்கிறேன். பேசுனாத்தான் கேப்பாங்க."

அவர் பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளை அதிகம் உறுத்தியது. அந்தப் பதினேழு கண்மாய்களையும் அவளே போய்ப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் நின்றது. கொக்கு வந்திருந்தது. அவள் பேசாமல் வெளியே வந்தாள். ஒரு வருடம் பேசாமலேயே இருந்தாள். மலையம்மாள் கேட்கும்போதெல்லாம், "சார் மேல பேசிக்கிட்டு இருக்காரு" என்றாள்.

பிறகு ஆலை விரிவாக்கத்துக்கு விண்ணப்பித்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. ஆலை கொடுத்த ஆவணத்தில் ஒரு வரி இருந்தது: இப்பகுதி நீர்நிலைகளில் பாதிப்பு ஏதும் ஈரமண் அறக்கட்டளையின் ஆய்வில் பதிவாகவில்லை. எழுதாமல் விட்டது சுற்றி வந்து ஆலைக்குச் சாட்சியாக நின்றது.

மேடையில் அதிகாரிகளோடு, நிபுணர் என்ற முறையில் சாம்பசிவமும் உட்கார்ந்திருந்தார். மலையம்மாள் மைக்கை வாங்கினாள்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தா உக்காந்திருக்கே, அந்தப் பொண்ணுதான் வாராவாரம் வந்து தண்ணிய மொண்டுட்டுப் போகுது. அதக் கேளுங்க."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. ஹம்சவேணி எழுந்தாள். நோட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். ஏன் கொண்டுவந்தாள் என்று அதற்குமுன் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளவில்லை. தேதியையும் எண்ணையும் வாசித்தாள். எட்டு மாதமும் வாசித்து முடிக்கும்வரை யாரும் குறுக்கிடவில்லை.

அதிகாரி சாம்பசிவத்தைப் பார்த்தார். சாம்பசிவம் மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். "இவங்க எங்க களப்பணியாளர். ஆய்வாளர் கிடையாது. சாம்பிள் எடுத்த முறையில எங்களுக்குத் திருப்தி இல்ல."

"இதே மீட்டர்தான் சார்" என்றாள் ஹம்சவேணி. "இத வச்சுத்தான் பதினாலு பட்டறைய மூடினீங்க. அப்ப திருப்தியா இருந்துச்சு."

"ஒருவர் ஆட்சேபம்" என்று குறித்துக்கொண்டார்கள்.

அறக்கட்டளையின் தகவல்களை அனுமதியின்றி வெளியிட்டதற்காக மறுவாரமே வேலை போனது. வெளிநாட்டு நிதி நிறுவனத்துக்கு அவள் ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதினாள். பதில் மரியாதையாக வந்தது. அவளுடைய கவலையைப் பெரிதும் மதிப்பதாகவும், உரிய நடவடிக்கைக்காகத் தங்கள் உள்ளூர்க் கூட்டாளியான ஈரமண் அறக்கட்டளைக்கு அனுப்பிவைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். மூன்று மாதத்தில் ஆலைக்கு அனுமதி கிடைத்தது.

அவள் உமேஷிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஆட்டோவின் பின்பலகையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, தமிழிலேயே பேசினான்.

"எங்க பட்டறைத் தண்ணி? அதப் பத்தி எழுதுனது நெசமா?"

"நெசம்ணே. ரெண்டுமே நெசம்."

"பொய்யா இருந்தா நல்லாருந்திருக்கும். அவங்க உன்னைய ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சுக்குவேன். நெசத்த எழுதிட்டு வந்து நிக்கிற. இதுக்கு நான் என்ன சொல்ல?" எழுந்து வண்டியைக் கிளப்பினான். "லோடு இருக்கு. போறேன்."

இப்போது ஹம்சவேணி ஆனையூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். சென்ற வருடம் நீர்நிலைப் பாதுகாப்புக்காக ஈரமண் அறக்கட்டளைக்கு ஒரு விருது கிடைத்ததை அங்கே டிவியில் பார்த்தாள். சத்தம் குறைவாக வைத்திருந்ததால் சாம்பசிவம் என்ன பேசினார் என்று கேட்கவில்லை.

இந்தச் சித்திரையில் ஒரு ஒப்பந்தத் தொழிலாளர் கூட்டத்தை வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். வருடாந்திரப் பரிசோதனை. நீலச் சீருடையில் மலையம்மாளும் இறங்கினாள். ஆலையின் புதுக் கட்டடத்தில் கூட்டுகிற வேலை.

"ஆடு?" என்று கேட்டாள் ஹம்சவேணி.

"வித்துட்டேன். செத்ததுபோக மிச்சத்த. வீட்டுக்கு ஒரு ஆளுக்கு வேல குடுத்தாக, வந்துட்டேன்." கையை நீட்டினாள். "நீ என்னைய ஏசுவேன்னு நெனச்சேன்."

"நான் எப்படி ஏசுவேன்?"

நரம்பு சரியாகக் கிடைக்கவில்லை. இரண்டாவது முறை குத்த வேண்டியிருந்தது. மலையம்மாள் முகத்தைச் சுளிக்கவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "இதுல என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லுவாகளா?"

"கம்பெனிக்குத்தான் அனுப்புவோம்."

"அப்ப சரி" என்று மலையம்மாள் எழுந்துகொண்டாள். ஹம்சவேணி ரத்தம் எடுத்த குழாயின் மேல் பெயரை எழுதி ஒட்டிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.