தரையில் தெரியாத பழுது

கேப்டன் விமானத்தை விட்டு இறங்கும் முன், மின்னோட்டம் காட்டும் மீட்டரை நகத்தால் இரண்டு தட்டு தட்டுவார். ஹேங்கர் வாசலிலிருந்து அதைப் பார்த்ததுமே டூல் பெட்டியை எடுத்துவிடுவேன். மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் மறுபடியும் மக்கர் செய்திருக்கிறது என்று அர்த்தம்.

நான்கு பேர் உட்காரும் பழைய விமானம் அது. அடியில் கேமரா பொருத்தி, வானிலிருந்து படம் எடுப்பதுதான் கேப்டனின் வேலை. நாற்பதைத் தாண்டிய பெண்மணி; யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அந்த விமானத்தின் மின்சார வேலைகளுக்கு நான்தான் பொறுப்பு. அந்த மாதம் அவர் பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மணல் மூடி, கடல் தண்ணீர் உள்ளே வராமல், ஏரியில் இறால் அற்றுப்போயிருந்தது. அரசாங்கத்திடம் படத்தைக் காட்டினால் தூர் வாருவார்கள் என்று கரையோர ஊர்களெல்லாம் காத்திருந்தன. என் ஊரும் அங்கேதான். தினமும் சாயங்காலம் அங்கிருந்து என் அப்பா, நைனா, போன் செய்வார். “இன்னாடா, இன்னிக்காவது பூரா எடுத்தாங்களா?”

எடுக்க முடியவில்லை. மேலே போன அரை மணி நேரத்தில் சிவப்பு விளக்கு எரியும். பேட்டரி தீர்வதற்குள் கேப்டன் திரும்பிவிடுவார். நான் பெல்ட்டின் இறுக்கம் பார்த்தேன். எர்த் கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். ரெகுலேட்டரை மாற்றினேன். இன்ஜினை ஓடவிட்டு அளந்தால் வோல்டேஜ் சரியாக நின்றது. தரையில் அது ஒருநாளும் தப்பு செய்யவில்லை.

கடைசியில் ஆல்டர்னேட்டரையே மாற்றினேன். அதற்குப் போகும் மெல்லிய கம்பியைக் கழற்றி, மேலுறை கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, அதையே திரும்ப மாட்டினேன். இழுத்துப் பார்க்கவில்லை. “பறக்கலாம்னு கையெழுத்து போடுறீங்களா?” என்று கேட்டார் கேப்டன். மறுநாள் முழு நீளத்தையும் எடுத்துவிடலாம் என்று நைனாவிடம் முன்னமே சொல்லியிருந்தேன். போட்டேன்.

ஆல்டர்னேட்டர் நின்றால் இன்ஜின் நிற்காது. ரேடியோதான் போகும், வழிகாட்டும் கருவிகள் போகும். மறுநாள் சிவப்பு விளக்கு எரிந்து கேப்டன் திரும்புவதற்குள், தெற்கே மழை மேகம் தாழ இறங்கி வழியை மூடிவிட்டது; பேட்டரியும் தீர்ந்து அவையெல்லாம் போயின. கேட்க யாருமில்லாமல் கேப்டன் ஏரிக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்ததை எங்கள் ஊரே அண்ணாந்து பார்த்தது. எரிபொருள் தீரும் முன், தண்ணீர் வற்றி வெள்ளையாகக் காய்ந்து கிடந்த பரப்பில் இறங்கினார். பார்ப்பதற்குக் கெட்டியான தரை. மேலோட்டின் கீழே முழங்கால் ஆழச் சேறு. சக்கரம் புதைந்து, விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்தது.

பலகைகளைப் போட்டு நடந்துபோய் அவரை வெளியே எடுத்தவர்களில் நைனாவும் ஒருவர். “நம்ம ஊரப் படம் புடிக்க வந்த அம்மாடா,” என்றார் போனில்.  கேப்டனின் முதுகெலும்பு முறிந்திருந்தது.

உடைந்த விமானம் லாரியில் வந்ததும் முதலில் அந்தக் கம்பியைத்தான் பிடித்து இழுத்தேன். முனையோடு கையில் வந்துவிட்டது. மேலுறைக்குள்ளே, வெளியே தெரியாமல், இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருந்தன. பறக்கும்போது அதிர்வில் விலகியும், தரையில் இருக்கும்போது ஒன்றையொன்று தொட்டுக்கொண்டும் இருந்திருக்கின்றன.

மருத்துவமனையில் கேப்டனிடம் ஒளிக்காமல் சொன்னேன்.  “மூணு தடவை போச்சு. தெரிஞ்சுதானே நானும் ஏறினேன்,” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகு நான் எந்த விமானத்துக்கும் கையெழுத்துப் போடவில்லை. ஊருக்குத் திரும்பி, படகு இன்ஜின்களுக்கு வயரிங் பார்க்கிறேன். அதற்கும் வேலை குறைவு. பாதிப் படகுகள் கரையிலேயே கிடக்கின்றன. முகத்துவாரம் மூடியேதான் இருக்கிறது. படமெடுக்க வேறு விமானம் வரவில்லை. நைனா இப்போது எதையும் கேட்பதில்லை.

கேப்டன்தான் கேட்பார். மாதம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போவேன். சக்கர நாற்காலியை ஜன்னலோரம் தள்ளச் சொல்வார். “அன்னிக்கு எடுத்தது வரைக்குமாவது படம் கிடைச்சுதா?”

கேமராவுக்குள் உப்புச் சேறு புகுந்து எல்லாம் போய்விட்டது. “கிடைச்சுது மேடம். தூர் வாருற ஆபீஸ்ல குடுத்திருக்காங்க. பாக்குறாங்களாம்,” என்பேன்.

“அப்ப சரி,” என்பார். ஒவ்வொரு முறையும் அவர் முகம் கொஞ்சம் தெளியும். அதைப் பார்க்க முடியாமல், தண்ணீர் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் நின்றுகொள்வேன்.