மதினி வீட்டு ஒத்தடம்

கல்முனைக்குடியில் நதீராவின் கைமருந்தைக் குறை சொல்ல ஆளில்லை. பல்வலிக்குக் கராம்பு, தலையிடிக்கு வேர்க்கொம்புப் பற்று, சுளுக்குக்கு வாட்டிய ஆமணக்கிலை என்று பக்கத்து வளவுப் பெண்களெல்லாம் அவளைத்தான் தேடி வந்தார்கள். வந்தவர்கள் சுகப்பட்டும் போனார்கள். சுகப்படாத ஒரே ஆள் அவளுடைய புருஷன் மஜீட்.

மஜீட் அரிசி மில்லில் நெல் மூட்டை சுமப்பவர். எண்பத்தோராம் ஆண்டு பெரும்போக அறுவடையில் மூட்டைகள் வந்து குவிய, அவருக்கு இடுப்பில் நாரி பிடித்துக்கொண்டது. நதீரா கல்லுப்பை வறுத்து, நொச்சியிலையோடு சீலைத்துணியில் முடிந்து, ஏழு நாள் ஒத்தடம் கொடுத்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் பல்லைக் கடித்தபடி, "சுகம்தான்" என்பார். ஆனால் கூன் நிமிரவில்லை. எட்டாம் நாள் பின்னேரம் அஸர் தொழுத கையோடு நாலு வளவு தள்ளியிருந்த தன் மூத்த சகோதரி கமீலா ராத்தாவின் வீட்டுக்குப் போனார். திரும்பும்போது கொஞ்சம் நிமிர்ந்து நடந்து வந்தார். அதன்பிறகு தினமும் அங்கேதான்.

நதீராவுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒரு சொதி ஒழுங்காக வைக்கத் தெரியாத மதினி மருந்து செய்கிறாளாம்! மஜீடின் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். உள்ளி மணமும் இல்லை, வேப்பெண்ணெய் மணமும் இல்லை.

"மதினி என்ன மருந்து பூசுறா?"

"ஒண்டுமில்ல. ஒத்தடம்தான்."

"நானும் அதைத்தானே போட்டன்?"

அவர் சாரனை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கிணற்றடியில் வேறு, "என்னகா, உன்ர மனுசன் கமீலாட கைமருந்துக்குப் போறாராமே?" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். கட்டிய புருஷனுக்கே உதவாத கை என்று பெயர் வந்தால் பிறகு யார் அவளிடம் வருவார்கள்? 

மறுநாள், இரவல் வாங்கிய கோப்பையைத் திருப்பிக் கொடுக்கிற சாட்டில் மஜீடின் பின்னாலேயே போனாள். கமீலாவின் குசினிக்குள் நுழைந்து அடுப்பைத்தான் முதலில் பார்த்தாள். சட்டியில் கல்லுப்பு, பக்கத்தில் நொச்சியிலை. வேறொன்றுமில்லை. கள்ளி, எதையோ ஒளித்திருக்கிறாள் என்று மூடியிருந்த பேணிகளையும் திறந்து பார்த்தாள். சீனியும் தேயிலையும்தான் இருந்தன.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"உம்மோவ்! அல்லாஹ்வே, உசிரு போகுதே!"

"கத்துடா தம்பி, நல்லாக் கத்து," என்று கமீலா சிரித்தாள்.

மஜீட் கத்தினார், அழுதார், மில் முதலாளியைத் திட்டினார், மூட்டையைத் திட்டினார். கலியாணம் முடித்த ஒன்பது வருஷத்தில் அந்தக் குரலை நதீரா கேட்டதே இல்லை. தனக்குத் தராத ஒன்றை அவர் ராத்தாவுக்குத் தருகிறார் என்பதில் அவளுக்குப் பொறாமை இரட்டிப்பானது.

பிறகுதான் நினைவு வந்தது. அவர்கள் இருக்கும் வீடு நதீராவுக்குச் சீதனமாகக் கொடுத்தது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பது அந்த ஊர் வழக்கம். அடுத்த அறையில் நதீராவின் உம்மா. முதல்நாள் ஒத்தடத்தில் மஜீட் முனகியதும், "என்னகா புள்ள, மருமகன் இப்பிடிக் கத்துறார்? பக்கத்து வளவாக்கள் என்ன நினைப்பாங்க?" என்று உம்மா கேட்டாள். நதீராவும் சேர்ந்துதான், "சும்மா இரிங்க, ஆம்பிளைதானே" என்று அவரைப் பார்த்துச் சிரித்தாள். அதோடு அவர் வாய் திறக்கவில்லை. உடம்பு முழுவதையும் இறுக்கிக்கொண்டு கிடந்தவருக்கு எந்த உப்புத்தான் என்ன செய்யும்?

கோப்பையை அங்கேயே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிட்டாள்.

மறுநாள் அஸருக்குப் பிறகு வாசலை மறித்து நின்றாள். "இண்டைக்கு நான்தான் போடுவன். படுங்க."

சூடான முடிச்சு நாரியில் பட்டதும் மஜீட் பல்லைக் கடித்தார்.

"கத்துங்க," என்றாள்.

"மாமி இரிக்கா."

"இரிக்கட்டும். கத்துங்க எண்டன்!"

அழுத்தினாள். கமீலாவை நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்தினாள்.

"உம்மோவ்!" என்று மஜீட் அலறினார்.

"என்ன புள்ள சத்தம்?" என்று அடுத்த அறையிலிருந்து உம்மா கேட்டாள்.

"அவர்ர வீட்டில அவர் கத்துறார் உம்மா," என்றாள் நதீரா.

பிறகு எழுந்துபோய், கமீலாவின் வீட்டுப் பக்கம் பார்த்த யன்னலை அகலத் திறந்துவிட்டு வந்து, முடிச்சை மறுபடி சூடாக்கினாள்.