ஏஜெண்டு துரை என் அப்பாவைப் பற்றிச் சொன்ன வினைச்சொல்

அன்று தோல் மண்டியில் இருந்தவர்கள் நான்கு பேர்: முதலாளியான சாயபு, மதராஸ் ஏற்றுமதிக் கம்பெனியின் ஏஜெண்டான வெள்ளைக்காரத் துரை, தோலைத் தரம் பிரிக்கும் என் அப்பா, நான். வராதவர்கள் வியாபாரிகள். சந்தை நாளில் மாதனூர்ப் பக்கத்திலிருந்து உப்புப் போட்ட ஆட்டுத்தோல் மூட்டைகளோடு வந்து வாசலை அடைத்துக்கொண்டு உட்காருகிறவர்களில் அன்று ஒருவர்கூட வரவில்லை.

இங்கிலீஷ் தெரிந்த கணக்கப்பிள்ளை காய்ச்சலில் கிடந்ததால் துரையின் பேச்சை மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மெட்ரிகுலேஷன் எழுதிவிட்டுக் காத்திருந்த சமயம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். சரக்கு, கப்பல், தாமதம் என்று துரை பேசியதையெல்லாம் தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். பிறகு அவர் கைத்தடியால் அப்பாவைக் காட்டி ஒரு வாக்கியம் சொன்னார். அதில் மற்ற வார்த்தைகள் எல்லாம் தெரிந்தவை. நடுவிலிருந்த வினைச்சொல் மட்டும் புதிது. ஆன்டகனைஸ்.

"முதலாளி, உங்க ஆளு வியாபாரிங்களை..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டேன்.

"வியாபாரிங்களை இன்னா பண்றான்? சொல்லுப்பா."

"அந்த வார்த்தை எனக்குத் தெரியலைங்க."

"இவ்ளோ நேரம் குதிரை மாதிரி ஓடன. உங்க நைனா பேச்சு வந்ததும் நொண்டுதா?"

துரையிடமே அர்த்தம் கேட்டேன். அவர் அதே வார்த்தையை இன்னும் உரக்கச் சொன்னார்.

அவர் வண்டியேறிப் போனதும் முதலாளி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "திருட்டா, குடியா, இன்னான்னு தெரியணும். அர்த்தத்தைத் தெரிஞ்சிக்கினு வா. அதுவரைக்கும் உங்க நைனா தோலைத் தொட வேணாம்."

அப்பா கையைக் கழுவிக்கொண்டு என்னோடு நடந்தார்.

"நான் இன்னாடா பண்றேனாம்?"

"தெரியலை நைனா."

"நல்லதா, கெட்டதா?"

"கெட்டதுன்னுதான் தோணுது."

"படிச்சிட்டு இதைக்கூடத் தெரிஞ்சிக்கல பாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குக் கோபமாகப் பேசவே வராது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய், கட்டுக் கழன்ற பெரிய அகராதியைப் புரட்டினேன். பகைமை உண்டாக்கு, எதிரியாக்கு என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் குழப்பம் அதிகமானது. நாம் ஒருவனைப் பகைத்துக்கொள்கிறோம் என்றால் நடுவில் ஒரு சண்டை இருக்கும். அப்பா யாரோடும் சண்டை போட்டதில்லை. எடை, விலை எதையும் அவர் பேசுவதில்லை, அது முதலாளி வேலை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை வாயே திறக்காத மனிதர் எப்படி ஒரு சந்தையையே எதிரியாக்க முடியும்? சொல்லின் அர்த்தம் கிடைத்துவிட்டது, ஆனால் அந்தக் காரியம் எப்படி நடக்கிறது என்பது கிடைக்கவில்லை. எனக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்புக் கொள்ளவில்லை.

மாதனூருக்கு நடந்தே போனேன். எங்கள் மண்டிக்கு வருஷக்கணக்காகத் தோல் போட்ட வியாபாரி ஒருவர் கொட்டகையில் தோலுக்கு உப்புத் தூவிக்கொண்டிருந்தார்.

"வாப்பா. உங்கப்பன் அனுப்சானா?"

"இல்லைங்க, நானேதான் வந்தேன். நீங்கல்லாம் ஏன் வர்றதில்ல?"

"மேல்விஷாரத்து மண்டியில போடறோம். வண்டிக் கூலி ஜாஸ்திதான். பரவால்லன்னு போடறோம்."

"எங்க நைனா ஏதாவது தப்பா பேசிட்டாரா?"

அவர் சிரித்தார். "பேசனா பரவால்லியே! நானும் திருப்பி ரெண்டு பேசிட்டு, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுவேன். பேசமாட்டாம்பா அவன். தோலை எடுப்பான், வெளிச்சத்துல காட்டுவான், வீசுவான். நேரா என் காலாண்ட வந்து விழும். நாலூரு ஆளுங்க பாக்கறாங்க. என் சரக்கு என் கால்மேலயே விழுது. ஒரு தபா, ரெண்டு தபா பொறுத்துக்கலாம். நாளெல்லாம்னா?"

"தேறாத கழிவுத் தோலைத்தான் அப்படி..."

"கழிவுன்னு எனக்குத் தெரியாதா? வீசறதுதான் பேஜாரா கீது."

அப்பாவிடம் வந்து சொன்னபோது அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "கழிவுக் குவியல் வாசலாண்டதானேடா கீது? வேற எங்க வீசறது? அவங்க வந்து அங்க குந்திக்கினா நான் இன்னா பண்ணுவேன்?" அவர் கண்ணுக்கு இத்தனை வருஷமும் குவியல் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அதன் ஓரத்தில் கால்கள் இருந்ததைப் பார்த்ததே இல்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "திருட்டும் இல்லைங்க, குடியும் இல்லைங்க. கோபமே இல்லாத ஆளு அடுத்தவங்களுக்குக் கோபம் வரவைக்கிறதுக்கும் அந்த வார்த்தையைச் சொல்லலாம் போலிருக்கு."

"அதுக்கு ஒரு வார்த்தையா?" முதலாளி தாடியைத் தடவினார். "எங்க மாமியாரு இதைத்தான் பண்ணிக்கினு இருக்குது. பேர் தெரியாம இருந்தேன்."

அப்பா வேலைக்குத் திரும்பினார். மாதனூருக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் சொன்னதில் அடுத்த சந்தைக்கு நான்கைந்து பேர் வந்தார்கள். அப்பா கழிவுத் தோலை வீசாமல், எழுந்து போய், இரண்டு கையாலும் அவரவர் பக்கத்தில் வைத்தார். வியாபாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா மேஸ்திரி, புது மரியாதை?" என்றார் ஒருவர்.

"மாப்பிள்ளைக்குத் தாம்பூலம் வைக்கற மாதிரி வைக்கறான்பா. இன்னிக்கு வெலையில கை வைக்கப் போறாங்க" என்றார் மாதனூர்க்காரர்.

மதியத்துக்குள் ஒருவர் மூட்டையைக் கட்டிவிட்டார். எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பாதிச் சரக்குகூடப் பிரிக்கவில்லை.

முதலாளி கொஞ்ச நேரம் கதவில் சாய்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க நைனா கையை மாத்த முடியாது. வாசலை மாத்திடலாம்" என்று என்னிடம் சொன்னார்.

அந்த வாரமே அப்பா உட்காரும் இடத்துக்குப் பின்பக்கச் சுவரை இடித்து வாசல் வைத்தார்கள். பழைய வாசலை மூடினார்கள். வியாபாரிகள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அவர் பழையபடி முன்னால் வீசினார். தோல் வெறும் சுவரோரம் விழுந்தது. அதற்கடுத்த சந்தைக்கு மாதனூர்க்காரர்கள் எல்லோருமே வந்துவிட்டார்கள். அப்பாவின் முதுகைப் பார்த்தபடி பொடி போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, துரையின் வார்த்தையை மனதுக்குள் சொல்லிப் பார்க்கும்போது பகைமை என்பதைவிட, தோல் போய் விழும் சத்தம்தான் முதலில் கேட்டது.

கொத்தனார் கூலி, சுண்ணாம்பு, பழைய கதவு ஒன்று எல்லாம் சேர்த்துப் பதினாலு ரூபாய் ஆனது. ஏழு முதலாளியுடையது. ஏழு அப்பாவின் சம்பளத்தில் பிடித்தது.